தாம்போதிக்கரையில் ஓர் ஆசிரியை

மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடிவிடும். கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் படிப்பிக்கச் செல்வோருக்கு அது பழகிப்போன சோதனை. அத்தகைய ஒரு காலையில், தரம் இரண்டுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை அங்கு கண்டேன். கையில் பொலித்தீன் சுற்றிய கட்டு. உள்ளே, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் எழுதி வெட்டிய எழுத்தட்டைகள்!

"செயலட்டையெல்லாம் இப்போது கைபேசியிலேயே பகிர்கிறீர்களாமே?" என்றேன்.

"பகிர்றதுக்குக் குறைவில்ல சேர். மருதமுனையில ஒராள் செஞ்சா உடனே எங்கட போனுக்கு வந்திடும். புள்ளைகள்ட கைக்குப் போகப் பிரதியெடுக்கணுமே, அது எங்கட கைக்காசு."

1980 முதல் பாடநூலை அரசு இலவசமாகத் தருகிறது. செயலட்டையோ ஆசிரியரின் கைப்பையிலிருந்து வருகிறது. 2022இல் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமை பெருஞ்செய்தியாயிற்று, நாங்களும் எழுதினோம். இவர் நாட்காட்டி சேர்க்கத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். அதை எழுத எங்களுக்குத் தோன்றவில்லை.

கட்டில் பாதி, அக்கரையில் வேறொரு பாடசாலையில் கற்பிக்கும் தோழிக்காம். உழவு இயந்திரம் வந்தது. கட்டை முதலில் ஏற்றிவிட்டுத் தாம் ஏறினார்.