மூன்று ஓட்டைகள்

பஞ்சர் ஆகிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. இருக்கைக்குக் கீழே சாலை திடீரென்று மெத்தையாகிவிடும். 2014ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, பெங்களூரு வெளிவட்டச் சாலையில் இப்லூர் சந்திப்பைத் தாண்டியதும் அவருக்கு அப்படித்தான் ஆயிற்று. யெஸ்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக நெளிந்தது. ஒரு மாதமாகவே அந்தச் சக்கரத்துக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை காற்று அடிக்க வேண்டியிருந்தது. வால்வில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக் கொண்டே இருந்தார். அன்றைக்கு ஆணியே ஏறிவிட்டது.

இருநூறு அடி தள்ளிக்கொண்டு போனதும் ஒரு மரத்தடியில் கம்ப்ரஸரும், சுண்ணாம்பில் எழுதிய பழைய டயரும் தெரிந்தன. பஞ்சர் கடை. இருபது வயதுகூட ஆகாத பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கொள்ளேகால் பக்கம், தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். சக்கரத்தைக் கழற்றினான், டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை உருவினான், காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். தரையைத் தொடும் பக்கத்தில், ஆணி ஏறிய இடத்தில், கொப்புளங்கள் வந்தன. அதோடு நிறுத்தாமல் டியூபைத் திருப்பினான். ரிம்மை ஒட்டிய பக்கத்தில், ஒரு கட்டைவிரல் இடைவெளியில், மேலும் இரண்டு இடத்திலிருந்து நூல் மாதிரி காற்று கசிந்தது.

“மூணு ஓட்டைண்ணா. ஒண்ணுக்கு அறுபது.”

ஒரு ஆணி எப்படி மூன்று ஓட்டை போடும்? அவர் குரலை உயர்த்தினார். கழற்றும்போது நீதான் குத்தியிருக்கிறாய் என்றார். பையன், “நான் போடலைண்ணா, உள்ளே ஏற்கெனவே இருந்தது” என்று இரண்டு முறை சொன்னான். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், ஆணியைப் போடுவதே இவர்கள்தானே சார் என்றார். அதன் பிறகு பையன் எதுவும் பேசவில்லை. அவர் புது டியூப் ஒன்றை வாங்கிப் போடச் சொன்னார். பழையதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். போலீஸில் காட்டுவதற்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சில்க் போர்டு சந்திப்பிலிருந்து வடக்கே போகும் அந்தச் சாலையில் ஆணிகள் உண்மையிலேயே கிடந்தன. அந்த வழியாகத் தினமும் அலுவலகம் போய்க்கொண்டிருந்த பெனடிக்ட் ஜெபகுமார் என்ற கணினித் துறை ஊழியர், திரும்பத் திரும்பப் பஞ்சராகி வெறுத்துப்போய் 2012வாக்கில் தானே ஆணி பொறுக்க ஆரம்பித்தார். முதலில் வெறும் கையால், பிறகு குச்சியில் கட்டிய காந்தத்தால். அவர் சேர்த்த ஆணிகள் சில ஆண்டுகளில் 30 கிலோவைத் தாண்டின. தட்டில் குவித்த ஆணிகளின் படங்கள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தன. அதற்குப் பிறகு பெங்களூரில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒவ்வொருவர் மீதும் ஒரு கண் விழுந்தது. யார் போட்டது, எத்தனை பேர் போட்டது என்பதெல்லாம் வேறு விஷயம். எல்லாக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெயர் கிடைத்துவிட்டது.

மர்ஃபி டவுன் வீட்டு வராந்தாவில் அந்த டியூப் நான்கைந்து மாதம் தொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டப்பட்டது. போலீஸ் நிலையம் வரை மட்டும் போகவில்லை. புது டியூபில் அந்த நான்கு நாள் காற்றுத் தொல்லை நின்றுபோனதை அவர் கவனிக்கத்தான் செய்தார். புதுசு இல்லையா என்று விட்டுவிட்டார்.

இனி எந்தக் கடையையும் நம்புவதில்லை என்பது அவர் எடுத்த முடிவு. டயர் மாற்றுவது அவருக்கு முற்றிலும் புதிதல்ல. வெளிவட்டச் சாலைச் சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனரும் அவருமாக வீட்டு வாசலிலேயே பின் டயரை மாற்றியிருந்தார்கள். இரண்டு பெரிய ஸ்க்ரூ டிரைவர், ஒரு பழைய சமையல் கரண்டி, மூன்று மணி நேரம். பெருமைக்குரிய நாளாகவே அது நினைவில் இருந்தது. இந்த முறை முறையாகச் செய்வோம் என்று ஜே.சி. ரோட்டுக்குப் போய் இரண்டு டயர் லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள் எல்லாம் வாங்கி வந்தார்.

தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பதற்கு வண்டியும் ஒரு காரணம். மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை செய்த வண்டி அது. ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. அப்பா வாங்கிய வண்டியை மகன் ஓட்டுகிற வீடுகள் பெங்களூரில் இன்றும் உண்டு. சக்கரத்தில் கம்பிகள்; ஒவ்வொரு கம்பியின் முனையும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அத்தனை துளை உள்ள ரிம்மில் தனியாகக் காற்று நிற்காது. அதனால்தான் டியூப் தேவைப்படுகிறது. அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் வந்த பிறகு, ஆணி ஏறினால்கூட வீடு வந்து சேர்ந்துவிடலாம். சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஒரு திரியைச் செருகி அடைத்துவிடலாம். கம்பிச் சக்கரக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் இல்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த குழாயைச் சுற்றிய நாளிலிருந்து, ரப்பர் பையைக் கிழியாமல் டயருக்குள் வைப்பது எப்படி என்பதுதான் அவர்களுடைய கவலை.

2015 தொடக்கத்தில் முன் டயரை மாற்ற உட்கார்ந்தார். லீவர், சோப்புத் தண்ணீர் எல்லாம் இருந்தன. டயரின் கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்முக்குள் இறங்க மறுத்தது. லீவரைக் கொடுத்து முழுப் பலத்தோடு அமுக்கினார். டப்பென்று உள்ளே போயிற்று. காற்றடித்தார். பத்து நிமிடத்தில் டயர் தரையோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி கழற்றிப் பார்த்தால், இன்னும் சாலையையே பார்க்காத புது டியூபில், ரிம் பக்கமாக, கட்டைவிரல் இடைவெளியில் இரண்டு வெட்டு.

அந்த டியூபை எடுத்துக்கொண்டு அல்சூர் ஏரி பக்கம் வெகுநாளாகப் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனார். கிருஷ்ணகிரிக்காரர், எல்லோருக்கும் பாய். டியூபைக் கையில் வாங்கியதும் சிரித்தார்.

“டியூபைக் கடிக்க விட்டுட்டீங்க தம்பி. பலத்தைக் கொடுத்தீங்களா? பலத்தைக் கொடுக்கிற வேலையே இல்லை இது.”

சக்கரத்தையும் கொண்டுவரச் சொல்லி, பாய் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினார். டயரின் இரண்டு ஓரத்திலும் எஃகுக் கம்பி ஓடுகிறது. அது நீளாது, எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் நீளாது. ஆனால் ரிம்மின் நடுவில் வட்டம் முழுக்க ஒரு பள்ளம் இருக்கிறது. டயரின் ஓரத்தை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி இறக்கிவிட்டால், எதிர்ப்பக்கம் தானாகத் தளர்ந்து கொடுக்கும். அந்தத் தளர்ச்சியில்தான் டயர் ஏற வேண்டும், இறங்க வேண்டும். பள்ளத்தில் இறக்காமல் நெம்புகிறவர் எஃகுக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறார். அந்த மல்லுக்கட்டில் லீவர் ஆழமாகப் போகும். அதற்கும் ரிம்முக்கும் நடுவே டியூபின் ஒரு மடிப்பு சிக்கும். மடிப்பு என்பது இரண்டு சுவர். அதனால்தான் வெட்டும் இரண்டாக விழுகிறது.

வால்வு இருக்கும் இடத்தில் டியூப் தடித்து நிற்பதால் டயர் ஓரம் அங்கே பள்ளத்துக்குள் இறங்காது. ஆகவே மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, இரண்டு பக்கமும் சுற்றி வந்து, வால்வில் முடிக்க வேண்டும். வால்வை ஒருமுறை உள்நோக்கித் தள்ளிவிட்டால் அடியில் டியூப் மாட்டியிருந்தாலும் விலகிக்கொள்ளும். கழற்றும்போது வால்விலிருந்து தொடங்க வேண்டும். டியூபை உள்ளே வைக்குமுன் இரண்டு மூச்சுக் காற்று அடித்து உருண்டையாக்கிக்கொண்டால் மடிப்பு விழாது. துவண்ட டியூப்தான் கடிபடும். டயருக்குள் கொஞ்சம் பவுடர் தூவினால் டியூப் ஒட்டிக்கொள்ளாமல் நழுவி இடம் பிடிக்கும். லீவரால் ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் அகலம்தான் எடுக்க வேண்டும். கடைசிச் சாணில் லீவர் கேட்டால், எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது என்று அர்த்தம்; திரும்பப் போய் அதை இறக்கு. பாய் அந்தக் கடைசிச் சாணை உள்ளங்கையாலேயே தள்ளினார். சத்தமே வரவில்லை.

ஒட்டுப் போடுவதிலும் அவசரம்தான் கெடுக்கிறது என்றார். உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்க் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஈரத்தில் ஒட்டியது வெயிலில் வாயைத் திறக்கும். வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து முடுக்கக் கூடாது. டயர் நழுவினால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். முடுக்கிவிட்டால் சாய முடியாமல் அடியோடு பிய்ந்துவிடும். ஒட்டி முடித்த டியூபை மாட்டும்முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். ஆணியை எடுக்காமல் ஓட்டையை மட்டும் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

கிளம்பும் நேரத்தில் அவர் வெளிவட்டச் சாலைக் கதையைச் சொன்னார். பாய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டியூபைக் கொண்டு வாங்க, பார்க்கலாம் என்றார்.

மறுநாள் வராந்தாவிலிருந்து இறங்கிய டியூபைப் பாய் வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் தரைப்பக்கத்து ஓட்டை: வட்டமாக, சின்னதாக. ஆணி. பிறகு ரிம் பக்கத்து இரண்டு வெட்டுகள். பஞ்சரோடு ஓட்டிப்போனதால் நசுங்கியிருக்குமா என்று அவரே கேட்டுப் பார்த்தார். “அப்படின்னா நீளமா கிழிஞ்சிருக்கும், சுத்தி ரப்பர் தேய்ஞ்சிருக்கும்” என்றார் பாய். வெட்டின் இரண்டு உதடுகளையும் விரலால் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்பழுப்பாகத் துரு.

“ரிம் துரு வெட்டுக்குள்ளே ஏறியிருக்கு பாருங்க. அன்னிக்குப் பண்ணின வெட்டுன்னா உள்ளே கறுப்பா, சுத்தமா இருக்கும். இது ஒரு மாசமாவது ரிம்மோட உரசிக் கிடந்த வெட்டு. அதுக்கு முன்னாடி டயரை யாரு மாத்தினது?”

அவர் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவர், சமையல் கரண்டி, மூன்று மணி நேரம், நான்கு நாளைக்கு ஒருமுறை காற்று. பாய் டியூபைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சக்கரத்தை எடுத்துக்கொண்டார்.

இப்லூருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். மரம் இருந்தது, கம்ப்ரஸர் இருந்தது, பையனும் இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியும் அவன் அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் காற்றுப் பார்க்கச் சொன்னார். அவன் குழாயை வைத்துக் குனிந்திருந்தபோது, சில மாதங்களுக்கு முன்னால் இங்கே ஒரு டியூபில் மூன்று ஓட்டை இருந்ததே என்று ஆரம்பித்தார். அதில் இரண்டு தன்னுடைய வேலை என்றார். கூட்டத்தின் முன்னால் பேசியது தப்பு என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். “தினமும் யாராவது அப்படிச் சொல்லிட்டுத்தான் போறாங்கண்ணா. நீங்க எந்த நாள்னு ஞாபகம் இல்லை.”

அன்றைய இரண்டு ஒட்டுக்கு என்று அவர் நீட்டிய நூற்றிருபது ரூபாயை அவன் வாங்கவில்லை; ஒட்டே போடவில்லையே என்றான். காற்றுக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டான். முன் சக்கரத்து வால்வைத் தொட்டுப் பார்த்து, நட்டு ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, இப்படி வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டான்.