சேரப்பணஞ்சேரி வழியில் அகத்தாய்வு

அகத்தாய்வு என்பது ஒருவர் தம் எண்ணங்களையும் ஆசைகளையும் சினத்தையும் கவலைகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக ஆராயும் பயிற்சி. இதை வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911 ஆகஸ்டு 14 அன்று அவர் பிறந்த கூடுவாஞ்சேரி, வண்டலூருக்குச் சற்றுத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. அதே வண்டலூரில் மேற்கே திரும்பி வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால், படப்பையைத் தாண்டிச் சேரப்பணஞ்சேரி, பிறகு ஒரகடம். மனத்தைப் பட்டியல் போட்டுப் பார்க்கச் சொன்னவரின் ஊரும், வேலைநிறுத்தச் செய்திகள் அடிக்கடி வரும் தொழிற்பேட்டைகளும் ஏறக்குறைய ஒரே வட்டாரம்.

அவர் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது; பிறகு தறி. அவர் இளமையும் நடுவயதும் கைத்தறிக்குச் சோதனையான காலம். இரண்டாம் உலகப் போரின்போது நூல் தட்டுப்பாட்டால் நெசவூர்கள் வாடின. 1957இல் ‘உலக சமாதானம்’ என்ற நூலை எழுதினார். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 மார்ச் 28 அன்று மறையும்வரை அவர் கற்பித்தது இல்லறத்தில் இருந்துகொண்டே பழகக்கூடிய முறை. ‘மனவளக்கலை’ என்ற பெயரில் அது பல ஊர்களில் தவமையங்களாகப் பரவியிருக்கிறது.

இம்முறையில் தியானத்துக்கு இணையான இடம் அகத்தாய்வுக்கு உண்டு. முதலில் எண்ணம். ஓர் எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று கேட்கச் சொல்கிறார். தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம் என ஆறு ஊற்றுகள். அடுத்து ஆசை: அது உண்மையில் தேவையா, அதற்கு வசதி உண்டா, பின்விளைவு என்ன என்று பார்க்க வேண்டும். தவணையில் பைக் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கேள்விகள் இல்லை. சினத்துக்கு யார் யார்மேல் கோபம் வருகிறது என்று பெயர்ப்பட்டியல் எழுத வேண்டும். பெரும்பாலும் நெருங்கியவர்களே அதில் வருவார்கள். கவலைகள் நான்கு வகை: அனுபவித்துத் தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ‘நான் யார்’ என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. ஆன்மிகத்தில் அதையே முதற்கேள்வியாக வைக்கும் மரபும் உண்டு. கூடுவாஞ்சேரி நெசவாளர் வீட்டுச் சண்டையையும் கடனையும் முதலில் தீர்க்கச் சொன்னார்.

அவர் ஊரைச் சுற்றியுள்ள இந்தத் தொழில் வட்டாரத்தின் கொந்தளிப்பு 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய காலத்தோடு வேகம் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது; உலகின் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்று எட்டே ஆண்டில் மறைந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் 2010இலும் டைம்லர் லாரி ஆலை 2012இலும் இயங்கத் தொடங்கின. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் நிலத்தின் விலையும் வீட்டு வாடகையும் ஏறின. பெர்மனென்ட், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்ற மூன்று சொற்களே ஒருவரது சம்பளத்தையும் கல்யாணப் பேச்சையும் தீர்மானிக்கின்றன.

அகத்தாய்வின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் நிகழ்வு 2021 டிசம்பரில் நடந்தது. பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில், ஆப்பிளுக்குக் கைபேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் கெட்டுப்போன உணவால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை; அதை நம்ப வைக்க அதிகாரிகள் பெரும்பாடு பட்டனர். எண்ணத்தின் ஊற்றைத் தேடும் பயிற்சி உள்ளவர், ‘இறந்தார்கள்’ என்ற செய்தியைப் பிறர் மனத்தூண்டுதல் என்று பிரித்து நிறுத்தியிருப்பார். அதோடு அவர் எழுந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தால் அது பிழை. தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் திறந்தது. வதந்தி பொய், குறை மெய். இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் பார்ப்பதுதான் கொந்தளிப்புக் காலத்தின் தன்னறிவு. அது பழகாதவர்களுக்கு மிகக் கடினம், பழகியவர்களுக்கும் எளிதில்லை. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு 706.50 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. சாலையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சினத்தை மட்டும் அடக்கிக்கொண்டு போயிருந்தால் ஹாஸ்டல் பேச்சு இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

தன்னையும் எழுதி ஆராய்ந்து, பொதுக் குறையையும் விடாமல் பிடித்தவருக்குக் கொரியாவின் சியோல் நகரில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜொன் தே இல் என்ற தையல் தொழிலாளி 1960களில் சொங்கியேசொன் ஓடைக்கரை ஆயத்த ஆடைச் சந்தையில் வேலை பார்த்தார். நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்வான அறைகளில் சின்னஞ்சிறு பெண்கள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்தார்கள். பஸ் காசில் அவர்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தே போவார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. தொழிலாளர் சட்டம் ஒன்று இருப்பதே பிறகுதான் தெரிந்தது. சட்டநூலை வாங்கித் தட்டுத்தடுமாறிப் படித்தார். 1969இல் தோழர்களோடு அமைத்த சங்கத்துக்கு ‘முட்டாள்கள் சங்கம்’ என்று பெயர். வேலை போனது. 1970இல் சில மாதங்கள் ஒரு மலையில் கட்டட வேலை செய்துகொண்டே தம்மோடு வாதாடினார். சந்தைத் தொழிலாளரிடமே திரும்பிப் போவது என்ற முடிவை அந்த ஆகஸ்டில் நாட்குறிப்பில் எழுதினார். திரும்பியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று கேள்வித்தாள் கொடுத்து வேலை நேரம், நோய், விடுப்பு பற்றி விவரம் திரட்டி அரசிடம் மனுவாகக் கொடுத்தது.

1970 நவம்பர் 13 அன்று, 22 வயதில், அவர் தீக்குளித்து இறந்தார். நவீனக் கொரியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்கமாக அந்த நாள் பெரிதும் கருதப்படுகிறது. ஆனால் அந்தச் சாவைப் பின்பற்றத்தக்க வழியாகப் பேசுவது தவறு. இருந்திருந்தால் அவர் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார். பின்பற்றத்தக்கவை நாட்குறிப்பும் கேள்வித்தாளும்தான். மகன் போன இரண்டே வாரத்தில் சந்தையில் சங்கம் அமைய முன்னின்ற தாய் லீ சோ சொன், 2011இல் மறையும்வரை தொழிலாளர்களோடே இருந்தார்.

இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து வைத்தால் வேதாத்திரியின் முறையில் உள்ள ஓர் இடைவெளி புலப்படும். அவரது சினப் பட்டியலில் ஆட்களின் பெயரைத்தான் எழுத முடியும். ஒரகடத்துக் கான்ட்ராக்ட் ஆள் எழுதினால் முதலில் வருவது லைன் சூப்பர்வைசர் பெயர். அந்த சூப்பர்வைசருக்கு டார்கெட் வைத்தவர் இன்னொருவர்; அவருக்கும் மேலே ஒருவர். சூப்பர்வைசரை மன்னித்து, வேதாத்திரி வழியில் ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துவது மனத்துக்கு நல்லது, வீட்டுக்கும் நல்லது. டார்கெட் அப்படியே இருக்கும். கம்பெனிகள் மன அழுத்தம் போக்கும் வகுப்புகளை விரும்பி நடத்துவதன் காரணத்தையும் இங்கே ஊகிக்கலாம்.

ஆனால் இடைவெளியை அடைக்கும் வழி அதே முறைக்குள் இருக்கிறது. கவலைப் பட்டியலின் நான்காம் வகை, உடனே தீர்க்க வேண்டியவை. இதே வட்டாரத்துச் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கான அங்கீகாரம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கொரியாவில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் அந்நிறுவன வரலாற்றின் முதல் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியிருந்தார்கள். சுங்குவார்சத்திரத்தின் கோரிக்கையில் எந்த அதிகாரியின் பெயரும் இல்லை. அது சினப் பட்டியலிலிருந்து கவலைப் பட்டியலுக்கு மாற்றி எழுதப்பட்ட வரி. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அந்தச் சங்கத்தைப் பதிவு செய்தது.

படப்பை, ஒரகடம் பக்கம் அகத்தாய்வு நடத்தும் ஆசிரியர்கள் சினப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடலாம்: இந்தக் கோபத்தின் காரணம் என்னிடம் இருக்கிறதா, எதிரில் இருப்பவரிடமா, இருவருக்கும் மேலே உள்ள விதியிலா? மூன்றாவது என்றால் அந்த வரியை அப்படியே கவலைப் பட்டியலுக்கு மாற்றி, பக்கத்து லைனில் இருப்பவரின் தாளையும் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.