ஈரல் மேல் விழுந்த பழி

ஹெப்பாளிலிருந்து மைசூர் டவுனுக்குப் போகிற வழியில், கே.ஆர்.எஸ். ரோட்டில் இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோய் சானடோரியம். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி இவர்; காசநோயில் இறந்தார். அவர் பெயரில் 1921-ல் எழுந்தது அது. அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான்.

சானடோரியம் என்றால் எனக்கு உடனே சித்தப்பா ஞாபகம்தான். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை. இருமலே இல்லாத மனுஷர். வயிறு மட்டும் ஊதிக்கொண்டே வந்தது. குடிப்பழக்கமும் கிடையாது. ஆனாலும் ஈரல் கெட்டுவிட்டது என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். சித்தி தன் பங்குக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். “படுத்தா மூச்சு முட்டுதும்மா” என்று ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் ஓர் இளம் டாக்டரம்மாதான் அவர் வயிற்றை விட்டுக் கழுத்தைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்து நரம்பு அடங்க வேண்டும். சித்தப்பாவுக்கு இன்னும் புடைத்தது. கோளாறு இதயத்தைச் சுற்றி இருக்கலாம் என்று சொல்லும் இந்த அடையாளத்தை ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1873-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்காக ஒரு பை இருக்கிறது. நடுவே 50 மில்லிக்கு மிகாத நீர். காசநோய்க் கிருமி அங்கேயும் போய் உட்காரும், நீர் கோக்கும். மெல்லச் சேர்ந்தால் பை விரிந்து ஒரு லிட்டர்கூடத் தாங்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லியே இதயத்தை நெரித்துவிடும். உடனே ஊசியைச் செலுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். நீர் வற்றிய பிறகும் ஆபத்து தீராது. பை தடித்து, சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து, ஓடு மாதிரி இறுகிவிடலாம். இதயம் விரிய இடமில்லாமல் ரத்தம் பின்னால் தேங்கும். ஈரல் வீங்கும், வயிற்றில் நீர் சேரும். சித்தப்பாவின் ஈரல் பழி சுமந்தது இப்படித்தான்.

எக்கோவும் சி.டி. ஸ்கேனும் அதை உறுதிசெய்தன. நெஞ்சைத் திறந்து, இறுகிய உறையை உரித்தெடுத்தார்கள். பெரிய ஆபரேஷன், பிழைத்துக்கொண்டார். கூடவே காசநோய் மாத்திரை; அதை அவர் வீட்டிலிருந்தே சாப்பிட்டார். அப்படிச் சாப்பிட முடிந்ததற்கு நம் சென்னைக்கும் நன்றி சொல்ல வேண்டும். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வுதான், வீட்டில் இருந்து மருந்து எடுத்தாலும் சானடோரியத்தில் இருப்பதுபோலவே குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. சானடோரியங்களின் தேவை அதன் பிறகு குறைந்தது. மைசூர் சானடோரியத்தின் நிலத்திலேயே இன்று ஜயதேவா இதய மருத்துவமனை நிற்கிறது.

வயிறும் காலும் வீங்கி மூச்சு வாங்கினால், ஈரல்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். இதயத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். பொதுவாக ஆறு மாதம். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.