உயரத்துக்கேற்ற எடை

ஸ்னோமொபைல் என்னும் பனி ஊர்தியின் வரலாற்றில் ஒரு தந்தையின் துயரம் கலந்திருக்கிறது. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே, நோயுற்ற தம் சிறு மகனைப் பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி இழந்தார். அதற்கு முன்பே பனிமேல் ஓடும் வண்டிக்காக முயன்றுகொண்டிருந்த அவர், 1937-இல் தம் வண்டிக்கான பற்சக்கர, பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959-இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கீ-டூ' இவ்வூர்தியைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தது.

கால்கரியில் வாழும் என் தம்பியிடம் இருப்பது பழைய வண்டி. வின்னிப்பெக்கில் ஒருவரிடம் வாங்கியது. அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுள்ள சமவெளி. தம்பி ஓட்டுவதோ ரெவல்ஸ்டோக்கைச் சூழ்ந்த மலைகளில், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே ஒரு சரிவின் நடுவில் வண்டி ஏறமாட்டாமல் திணறிப் பனியில் புதைந்துவிட்டது. பனிச்சரிவு எப்போது வேண்டுமானாலும் இறங்கக்கூடிய இடத்தில் வண்டியைத் தோண்டிக்கொண்டு நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். வண்டியை விற்றுவிடுமாறு அவன் மனைவி வற்புறுத்திக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின்ல கோளாறு இல்லண்ணா. இருந்த ஊருக்கு ஏத்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றான் தம்பி.

அவன் கூற்றில் உண்மை இருந்தது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலை எஞ்சின் இழக்கிறது. இவ்வண்டியில் கியர் மாற்றும் வேலை ஓட்டுபவருக்கு இல்லை. எஞ்சின் தண்டில் உள்ள கிளட்சுக்குள் எடைக்கைகள் சுழற்சியின் விசையால் வெளிப்புறம் விரிந்து, இரு கூம்புத் தட்டுகளை நெருக்கி, நடுவிலுள்ள பெல்ட்டை மேலேற்றுகின்றன. நம்மூர் கியரில்லா ஸ்கூட்டரிலும் இதே தத்துவந்தான். அங்கே உருளைகள் இப்பணியைச் செய்கின்றன. எஞ்சினின் வலு குறைந்திருக்கும்போது எடை மிகுதியாக இருந்தால், அது சுமையை உரிய காலத்துக்கு முன்பே ஏற்றிவிடும். நிமிடத்துக்கு 8,000 சுற்றில் முழு ஆற்றல் தரவேண்டிய அவ்வெஞ்சின் மலையில் 7,600-ஐத் தாண்டவில்லை.

கராஜில் வேலை தொடங்கியது. சாவியை எடுத்து, காப்பு மூடியையும் பெல்ட்டையும் கழற்றினான். கிளட்ச்சின் மூடிக்குள் ஒரு வலிய ஸ்பிரிங் அழுந்திக் கிடக்கிறது. ஆதலால் ஒரே திருகை முழுவதும் கழற்றாமல், எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினான். மூடி எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே திரும்பப் பொருந்த வேண்டும். இல்லையேல் சமநிலை கெட்டு அதிரும். முன்னமே அடையாளம் இட்டுக்கொண்டான். 64 கிராம் எடைகள் மூன்றும் வெளிவந்தன. புதியவை 60 கிராம். மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தான். விளக்குப் பிடித்ததே என் பங்கு.

நான்கு கிராம் என்பது ஒரு தேக்கரண்டி உப்பினும் குறைவு. குறைந்த வலுவுக்கு ஈடாக எஞ்சினைப் பெரிதாக்க முனையாமல் சுமையைக் குறைக்கும் இந்த முறையில் ஒரு பணிவு இருப்பதாக எனக்குப் பட்டது. அது நிலையான தீர்வுமன்று. இதே எடையுடன் சமவெளிக்கு இறங்கினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். பழைய எடைகளைத் தம்பி ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினான்.

அடுத்த சனிக்கிழமை மலையில் முள் 8,000-ஐத் தொட்டதாம். ஆயினும் அன்று பெரிய சரிவில் அவன் ஏறவில்லை. பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படிக்காமல் புறப்படக்கூடாது என்பது அவன் மனைவி விதித்த நிபந்தனை. அன்றைய அறிவிப்பு அபாயம் மிகுதி என்றது. எடையை மாற்றியதால் வண்டி ஏறும். எப்போது ஏறக்கூடாது என்பதை மனிதன்தான் அறிய வேண்டும்.