ஹரோவில் ஓர் அணிற்போர்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் அங்கு காணத்தக்கவை எவையெவை என்று கூறும் நூல்கள் பல உள. நாம் 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில் அந்நகரில் மூன்று வாரம் தங்கினோம். கோட்டைக்கு ஒரு நாள், நூதனசாலைக்கு ஒரு நாள் என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நாள்களிற் பெரும்பகுதியை ஒரு வீட்டின் பின்வளவைப் பார்த்தே கழித்தோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

நகரின் வடமேற்கில் உள்ளது ஹரோ. குன்றின் உச்சியிலே புனித மரியாள் தேவாலயத்தின் கூரிய கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். கவிஞர் பைரனும், சேர்ச்சிலும், ஜவஹர்லால் நேருவும் கற்ற கல்லூரி அக்குன்றின் மீதுதான் இருக்கிறது. ஆசிரியத் தொழிலில் இருப்பதால் அதனை ஒருமுறை சுற்றிப் பார்த்தோம். குன்றைச் சூழ்ந்த தெருக்களிலோ எம்மவர் பலர் வாழ்கின்றனர். முருங்கைக்காய் விற்கும் கடைக்கும் பைரனின் கல்லூரிக்கும் இடையே அதிக தூரமில்லை.

அத்தெருக்களுள் ஒன்றிலே எமது அக்காவும் அத்தானும் இருக்கின்றனர். நாம் செல்வதற்கு முந்திய சித்திரையில் அக்கா பாரிசவாதத்தால் விழுந்தார். உயிர் தப்பினார், நடையும் ஓரளவு மீண்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரு சொல், இரு சொல். அதற்கு மேல் நா எழாது. குளிர்காலத்தில் வெளியே செல்லவும் இயலாது. ஆகவே சமையலறைச் சாளரத்தின் அருகே நாற்காலி இட்டு அவரை இருத்துவார் அத்தான். சாளரத்துக்கு எதிரே ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் தலையிலே பறவைகளுக்கு வித்து இடும் நீண்ட குழாய். வரும் பறவைகளை அக்கா விரலாற் சுட்டுவார். அத்தான் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வார். வைத்தியர் சொன்ன பயிற்சிகள் யாவற்றிலும் இதனையே அக்கா விரும்பிச் செய்தார் என்று அறிந்தோம்.

அந்நாட்டின் டிசெம்பரிலே காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்கு மணிக்கு முன்னரே இருண்டுவிடுகிறது. அங்குள்ள நீலச் சிட்டின் நிறை ஏறக்குறைய 11 கிராம். பதினாறு மணி நேர இரவைத் தாண்டுவதற்கு வேண்டிய கொழுப்பை அது எட்டு மணி நேரப் பகலில் உண்டு சேர்த்தாக வேண்டும். அதனாலேதான் அந்நாட்டார் தம் தோட்டங்களில் சூரியகாந்தி வித்தும் உப்பிடாத கச்சானும் தொங்கவிடுகின்றனர். செம்மார்பு ரொபினும், முகத்திற் சிவப்பும் சிறகில் மஞ்சளும் கொண்ட கோல்ட்பிஞ்ச்சும் வருகின்றன. எல்லோர்க்கும் முன்னே வந்துவிடுவது அணில்.

எமது முற்றத்து அணிலை எண்ணிவிடலாகாது. எமது அணில் நூறு கிராம் அளவினது. முதுகில் மூன்று கோடு உடையது. இராமபிரானின் கை பட்ட தழும்பென்று நாம் போற்றுவது. ஹரோவின் சாம்பல் அணிலோ அரைக் கிலோ நிறையும் பெருத்த வாலும் உடையது. கோடு ஒன்றும் இல்லை. பின்னங்கால்களைப் பின்புறமாகத் திருப்பி, தலைகீழாகவே கம்பத்தில் இறங்க வல்லது. அது ஒருமுறை வந்து அமர்ந்தால் அரை மணியிற் குழாய் வெறுமையாகும். சிட்டுக்கள் அகன்றுவிடும். அக்காவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். எம்மைச் சுட்டது அதுதான்.

அத்தான் ஓய்வுபெற்ற கணக்காளர். எதையும் பொறுமையாகச் செய்பவர். முதலில் வாங்கிய பிளாஸ்ரிக் குழாயை அணில் கடித்துத் துளைத்தது. அடுத்து, நிறை மிகுந்தால் தானே வாயை மூடிக்கொள்ளும் வில்லமைந்த குழாயை அதிக விலை கொடுத்து வாங்கினார். அணில் மேலே உள்ள கொக்கியிற் பின்னங்கால்களை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, இருக்கையைத் தொடாமலே உண்டது. ஒருவர் கம்பத்துக்குக் கொழுப்புத் தடவச் சொன்னாராம். அது பறவையின் இறகில் ஒட்டினால் குளிரில் அதற்கு நாசம் என்று அறிந்து, செய்யாமல் விட்டார்.

அயல்வீட்டு மூதாட்டியார் வேலிக்கு மேலாக ஒரு பொறிக்கூட்டை நீட்டினார். நல்ல மனத்தினர், அக்கா விழுந்த அன்று அம்புலன்சுக்கு அறிவித்தவரும் அவரே. “இவை இந்நாட்டுக்கு உரியவையல்ல, வெளியிலிருந்து வந்து எங்கள் சிவப்பு அணிலைத் துரத்திவிட்டன” என்றார். அவர் கூற்று வரலாற்றளவிற் பிழையன்று. 1876 இல் செஷயரில் உள்ள ஹென்பரி என்னும் பண்ணைத்தோட்டத்தில் அமெரிக்கச் சாம்பல் அணில்கள் விடப்பட்டன. 1890 இல் பெட்ஃபோட் கோமகன் தமது வோபேர்ன் மாளிகைத் தோட்டத்திலும் விட்டார். பிறர்க்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அழகுக்காகச் செய்த காரியம். இன்று அவற்றின் தொகை 25 இலட்சத்துக்கு மேல் என்று கணிக்கின்றனர். சாம்பல் அணில் தான் நோயுறாமலே சுமக்கும் ஓர் அம்மைக் கிருமி சிவப்பு அணிலைக் கொன்றுவிடுகிறது. ஸ்கொட்லாந்திலும் சில தீவுகளிலும் இங்கிலாந்தின் வடபுலத்திலுமே சிவப்பு அணில் பெரும்பாலும் எஞ்சியுள்ளது.

அத்தான் புன்னகையுடன் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வந்ததும், “தம்பி, இது வந்தது 1876. நாங்கள் வந்தது 1984. எங்களுக்கு மூத்தது” என்றார்.

கூட்டையும் அவர் வைக்கவில்லை. காரணம் சட்டத்தில் இருந்தது. பிடித்த சாம்பல் அணிலை மீண்டும் வெளியில் விடுவது அந்நாட்டிற் குற்றம். பிடித்தவர் அதனைக் கொன்றாக வேண்டும். மச்சம் சமைக்காத வீட்டில் அது எங்ஙனம் நடக்கும்? மறுநாளே கூட்டைத் துடைத்து, ஒரு தட்டு வடையோடு திருப்பிக் கொடுத்தார்.

நாம் சென்ற ஆறாம் நாள் அத்தானுக்கு மிளகாயின் நினைவு வந்தது. மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்கே உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. காரத்தை அறியும் நரம்புப்புலன் பறவைகளிடத்தில் வேறுவகையாக அமைந்திருப்பதை 2002 இல் ஆய்வாளர் நிறுவினர். ஊரிலே வேலியோரத்தில் யாரும் நடாத கொச்சிச் செடி முளைப்பதற்கும் பறவைதானே காரணம்! பழத்தை உண்டு வித்தைத் தூர எச்சமிடும். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள், இவ்வணிலும் அக்கண்டத்ததே என்று எமக்குள் ஒரு நகைப்பு.

ஆனால் அத்தான் எடுத்தது, நாம் யாழ்ப்பாணத்திலிருந்து பொதியிற் சுமந்து சென்ற மிளகாய்த்தூளை. கரண்டி கரண்டியாக வித்தின்மேல் அள்ளியிட்டுக் கிளறுகையில், பின்னாலிருந்து குரல் எழுந்தது.

“இஞ்சேருங்கோ, அது கறிக்குக் கொண்டந்த தூள்!”

அத்தானின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எட்டு மாதத்தில் அக்கா பேசிய முதல் முழு வசனம் அது. நாமும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பார்க்க இயலவில்லை. தும்மலும் கண்ணீரும் வந்தன. அதற்குத் தூளின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

காரம் ஓரளவே பயன்பட்டது. அணில் ஒரு வாய் தின்று, முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, மெதுவாகத் தின்னப் பழகியது. தூள் காற்றிற் பறந்து பறவையின் கண்ணுக்கும் கேடு செய்யலாம் என்று அத்தான் அஞ்சியதால் அதனை நிறுத்தினோம். ஆயின் அதற்குள் வேறு விருந்தாளிகள் வந்து சேர்ந்தனர்: கழுத்திற் செவ்வளையம் கொண்ட பச்சைக்கிளிகள்! எமது ஊர்க்கிளியின் இனமே. கூட்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை அங்கு 1960 களின் இறுதி முதல் காட்டுப்பறவைகளாகப் பெருகியுள்ளன. பனிக்குளிரில் அவை மிளகாய் வித்தைக் கொத்திய காட்சியை மறத்தல் அரிது.

இறுதியில் தீர்வு தென்னையிலிருந்து வந்தது. எலி ஏறாதபடி தென்னைக்குத் தகரம் அடிப்பது ஊரில் யாவரும் அறிந்ததே. தடித்த மரத்தில் வழுக்கும் தகரத்தை நகம் பற்றாது. கம்பமோ மெல்லியது, அணில் அதனைக் கட்டிப்பிடித்தே ஏறுகிறது. ஆகவே தகரத்தை ஏழு அங்குல அகலமுள்ள குழலாகச் சுருட்டி, மேல்வாயை அடைத்து, கம்பத்தைச் சுற்றி மாட்டினோம். குழலின் அடி நிலத்திலிருந்து மூன்றடி. முடி ஐந்தரை அடி. உள்ளே ஏறினால் வழி அடைபடும். வெளியே ஏறினால் வழுக்கும். பக்கத்திலிருந்து பாய்வதைத் தடுக்கக் கம்பத்தையும் பெயர்த்து நட்டோம். சாம்பல் அணில் பத்தடி வரை பாயும். வளவின் அகலம் 22 அடி. நட்ட நடுவில் நிறுத்தினால் வேலிக்கு இருபுறமும் பதினோரடி. கணக்காளர் மூன்று முறை அளந்தார்.

முதல் நாள் அணில் குழலுக்குள் ஏறி, உள்ளே தட்டும் ஓசை கேட்டது. பிறகு இறங்கி, கீழே அமர்ந்து, மேலே நெடுநேரம் பார்த்தது. அக்கா சிரித்தார்.

நாம் புறப்பட்ட நாள் வளவெல்லாம் உறைபனி. அத்தான் வழக்கம்போல் வெந்நீரிற் கழுவி உலர்த்திய குழாயில் வித்தை நிரப்பினார். கழுவாவிடின் ஒரு பறவையின் நோய் மற்றதைத் தொற்றும். பச்சைப் பிஞ்ச் என்னும் குருவி அந்நாட்டில் அவ்வாறுதான் பெருந்தொகையாக மடிந்தது. பின்னர் கொப்பியுடன் அமர்ந்தார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார்: நீலச் சிட்டு ஐந்து, ரொபின் ஒன்று, கிளி நான்கு. கம்பத்தின் அடியிலே, கிளிகள் சிந்திய வித்தைப் பொறுக்கிக்கொண்டு அணில் இருந்தது. அத்தான் கொப்பியை மூடப் போனார்.

“அணில் ஒண்டு” என்றார் அக்கா. “அதையும் எழுதுங்கோ.”