கட்டிலுக்கடியில் ஆயா

சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போகும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடி வந்து டாட்டா காட்டுவோம். எங்கள் ஆயா மட்டும் உள்ளே ஓடுவாள். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துவிடுவாள். சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வருவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு குறும்பு செய்தேன். தம்பியைக் கொல்லைப்புறம் அனுப்பி, காலி எண்ணெய் டின்னுக்குள் வாயை வைத்து 'ஊம்ம்ம்' என்று சத்தம் போடச் சொன்னேன். ஆயா கட்டிலடிக்கு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று கூடத்தில் நின்றுகொண்டேன். ஆயா ஓடினாள். ஆனால், நான் நிற்பதைப் பார்த்ததும் திரும்பி வந்தாள். என்னைக் கீழே தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். "தலையத் தூக்காதடா" என்றாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது விளையாட்டு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

காரணத்தை வெகு காலம் கழித்து அப்பா சொன்னார். தாத்தா மதராஸ் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாளே, 'ரியூஜோ' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9-ம் தேதி திருகோணமலை.

அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜப்பான் கப்பல்கள் நெருங்கிவிட்டன என்று ஒரு தவறான தகவல் வேறு. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அலுவலகங்கள் உள்ளூர்ப் பக்கம் நகர்ந்தன. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாட்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசி வரை 'இவாக்குவேஷன்' என்றே சொல்வார்கள்.

ஆயாவுக்கு அப்போது 20 வயது. மூன்று வயதில் என் அப்பா, இடுப்பில் கைக்குழந்தையாக அத்தை. தாத்தா எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டு, வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டார். கூட்டத்தில் ஜன்னல் வழியாகத்தான் அப்பாவை உள்ளே தள்ளினார்களாம். விழுப்புரத்தில் வண்டி மாறி, திருக்கோவிலூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் சங்கராபுரம். மேற்கே கல்வராயன் மலை தெரிந்த பிறகுதான் ஆயா மூச்சு விட்டாளாம்.

ஆனால், மதராஸில் அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. போனவர்கள் மெல்லத் திரும்பினார்கள். ஆயாவும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான், 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. செய்தி வதந்தியாகத்தான் எங்கள் ஊருக்கு வந்தது. 'ஹார்பரே எரியுதாம்' என்றார்கள். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்ற கடிதம் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஆயா அடுப்பு மூட்டவில்லை என்றார் அப்பா. பிறகு ஆயா மதராஸ் பக்கமே போகவில்லை. யுத்தம் முடிந்ததும் தாத்தா வேலையை விட்டுவிட்டு வந்து மளிகைக் கடை வைத்தார். நாங்கள் சங்கராபுரத்துக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

போன வருஷம் மகள் வேலை பார்க்கும் விசாகப்பட்டினத்துக்குப் போயிருந்தேன். கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கப் பெரிய வரிசை. அங்குள்ள மியூசியத்தில் 1942-ல் விழுந்து வெடிக்காமல் போன குண்டு ஒன்று இருக்கிறது. பேத்தி அதோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஆனால், என் மனதில் நின்றது வேறொன்று. கடற்கரை மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு கான்கிரீட் அறை. தடித்த சுவர், தாழ்ந்த கூரை, துப்பாக்கி நீட்ட ஒரு நீளத் துளை. எதிரிகள் கரையேறினால் சுடுவதற்காக யுத்த காலத்தில் கட்டியது. யாரும் கரையேறவில்லை. அதனால் கடைசி வரை அதற்கு வேலை வரவில்லை. இப்போது அதன்மேல் பையன்கள் உட்கார்ந்து மாங்காய் தின்கிறார்கள்.

முட்டிவலியோடு குனிந்து அந்தத் துளை வழியாகப் பார்த்தேன். கடலில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கு ஆயாவின் கைக்கு அடியிலிருந்து எனக்கு வாசல் தெரிந்ததும் அவ்வளவுதான். இங்கே காவல் நின்ற சிப்பாய்க்குச் சுவர் இருந்தது. எங்கள் ஆயாவிடம் இருந்தது ஒரு கயிற்றுக் கட்டில். அதையும் விட்டுவிட்டுத்தான் அவள் எனக்காக வெளியே வந்தாள்.

அங்கிருந்தே தம்பிக்கு போன் போட்டேன். "அந்த எண்ணெய் டின்னு ஞாபகம் இருக்காடா? ஆயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே போயிட்டோமே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "நான் அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டேண்ணே. 'அண்ணங்கிட்ட சொல்லாத, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு வெட்கப்படுவான்'னு சொல்லுச்சு ஆயா."