அத்தாவின் காமிராவும் திருமுல்லைவாயில் ஈரமும்

உங்கள் இல்லத்துப் பீரோவின் அடித்தட்டில், சபரிலிருந்து வந்த பழைய காமிரா ஒன்று தோலுறைக்குள் உறங்கிக் கொண்டிருக்கிறதா? அப்படியாயின் இதைப் படித்து முடித்ததும் அதை வெளியில் எடுத்துப் பாருங்கள். நான் 12 ஆண்டுகள் தாமதித்துப் பார்த்தவன். அத்தாமதம் எனக்கு எதைக் கற்றுத் தந்தது என்பதை உங்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் என் ஊருக்கு வாருங்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி செல்லும் மின்ரயிலில் ஏறினால், அம்பத்தூரை அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். தொண்டை நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று. தொண்டைமான் மன்னனின் யானையைக் காலெடுத்து வைக்கவொட்டாமல் முல்லைக் கொடிகள் சுற்றிப் பிணைத்தன என்பது இவ்வூரைப் பற்றி வழங்கும் கதை. இங்குள்ள பழம்பெரும் சிவாலயத்தின் மூர்த்திக்கு மாசிலாமணீசுவரர் என்று பெயர். 'மாசிலாமணி' என்றால் குற்றமற்ற மணி. கொடி, மணி ஆகிய இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

1960களில் ஒருபுறம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், மறுபுறம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. வேலை தேடி வந்தோர் நடுவிலிருந்த எங்கள் ஊரில் குடியேறினர். வயல்கள் மனைகளாயின. ஆனால் நிலத்தின் இயல்பு மாறிவிடவில்லை. அருகே அம்பத்தூர் ஏரி, வடகிழக்கே புழல் ஏரி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். அலமாரியில் வைத்த கிதாபுகளில் வெண்படலம் பூக்கும். 2015 டிசம்பர் பெருமழையையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். புயலின்போது எங்கள் வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. அது வடிந்த பிறகு பீரோவைக் காலி செய்தபோதுதான் அத்தாவின் காமிரா வெளியே வந்தது.

சிங்கப்பூரில் ஒரு கடையில் கணக்கெழுதிய காலத்தில் அத்தா வாங்கிய யாஷிகா எலெக்ட்ரோ 35 அது. ஜப்பானில் 1966இல் அறிமுகமான வரிசை; 45 மில்லிமீட்டர் லென்ஸ்; உள்ளே ஆறு கண்ணாடிகள். பெருநாள்களையும் எங்கள் பள்ளிப் பருவத்தையும் அத்தா அதில்தான் பதிவு செய்தார். எப்போதும் காமிராவுக்குப் பின்னால் நின்றவர் ஆதலால், அவர் எடுத்த படங்கள் எதிலும் அவர் இல்லை. அவர் மறைந்த பின் அந்தக் காமிராவையே அவராக எண்ணி உறையில் இட்டுப் பூட்டினேன். பிள்ளைகள் கேட்டபோதெல்லாம், "தொடாதே, பாட்டனாருடையது" என்று தடுத்தேன்.

உறையைத் திறந்ததும் புழுங்கிய நெடி வீசியது. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி லென்ஸினுள் நோக்கினேன். ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் கிளைவிட்டு, சிலந்தி வலைபோல் வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. முல்லைக் கொடியேதான்! வேறுபாடு, இக்கொடி சுற்றியது யானையை அன்று, மாசில்லாதிருந்த மணியை.

கண்ணாடியில் என்ன உணவு?

கண்ணாடியில் பூஞ்சணம் எதைத் தின்று வளர்கிறது என்று வியப்பீர்கள். அதன் நுண்வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. காற்றின் ஈரப்பதம் சுமார் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நெடுநாள் நீடித்தால் அவை முளைக்கின்றன. நம் விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை, தூசு, லென்ஸின் மறைகளில் இட்ட மசகு ஆகியன அதற்குப் போதும். வளரும்போது அது அமிலம் கசிகிறது. ஒளிப் பிரதிபலிப்பைக் குறைப்பதற்காகக் கண்ணாடிமேல் தலைமுடியின் தடிமனில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மென்பூச்சு இடப்பட்டிருக்கும். அமிலம் முதலில் அப்பூச்சையும், பின்னர் கண்ணாடியையுமே அரிக்கிறது.

'காமிரா' என்ற சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது சரியன்று, அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி நுழைவதைச் சோதித்து, பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என 'கிதாபுல் மனாளிர்' நூலில் நிறுவிய இப்னுல் ஹைதம் (சுமார் 965–1040) நமக்குப் பெருமை சேர்க்கப் போதாதா? இல்லாத பெருமை எதற்கு? காமிரா ஓர் இருட்டறை என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். படம் பிடிக்க உதவும் அந்த இருட்டே, திறவாமல் கிடந்தால் பூஞ்சணத்துக்கு மாளிகையாகிவிடுகிறது.

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையன்று. இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் படையினரின் தொலைநோக்கிகள் பூஞ்சணத்தால் பயனற்றுப் போக, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதை ஆராயப் புகுந்தனர்.

தழும்பு

ஆலையொன்றில் அளவுக் கருவிகளைச் செப்பனிட்டு ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவரிடம் காமிராவைக் கொண்டு சென்றேன். உருப்பெருக்கி வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாய், பூஞ்சணத்தை எடுத்துடலாம். ஆனா அது தின்ன இடத்தை நான் திருப்பித் தர முடியாது" என்றார்.

லென்ஸின் முன்வளையத்தைக் கழற்றி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் துணியில் அடுக்கினார். சன்னலைத் திறந்து வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த கரைசலால் மெல்லத் துடைத்தார். இது கைதேர்ந்தவர் வேலை. வீட்டில் முயன்று கண்ணாடியில் கீறல் போட்டுவிடாதீர்கள். இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசைக்கு நடுவே பூஞ்சணம் புகுந்திருந்தால் அவராலும் எளிதில் எடுக்க இயலாதாம். அந்த மட்டில் தப்பினோம். எனினும் ஒரு கண்ணாடியில், இழைகள் இருந்த இடத்தில் அவற்றின் நிழல்போல மங்கிய தழும்பு நின்றுவிட்டது. இதற்குரிய பழைய பாதரச பேட்டரி இப்போது செய்யப்படுவதில்லை. வேறொன்றைச் சிறு தாங்கியுடன் பொருத்தித் தந்தார்.

வீடு திரும்பி அம்மாவிடம் விவரம் சொன்னேன். "புயல் என்ன செய்யும்? பூட்டி வச்சது நீதானே" என்றார்கள். உண்மைதான். சில நாள் ஈரம் இதைச் செய்யவில்லை. காற்றும் வெளிச்சமும் படாத 12 ஆண்டுகள் செய்தன. மரியாதை என்று நான் எண்ணியது, அமானிதப் பொருளைப் பேணாமல் விட்டதாகவே முடிந்தது.

ஆகவே என் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். காமிராவை அதற்குள் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். அவை நிறம் மாறினால் சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நன்று. சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்தால் தெரிந்துவிடும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம்; அதன் மாவுத்தூசு மறைகளில் புகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறையேனும் எடுத்து இயக்குங்கள்.

பிலிம் சுருள் இன்றும் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றை இட்டு, இம்முறை காமிராவை என் மகள் கையில் கொடுத்தேன். கழுவி வந்த 36 படங்களுள் பெரும்பாலானவை தெளிவாக இருந்தன. சன்னலை நோக்கி எடுத்தவற்றில் மட்டும் தழும்பின் காரணமாக மெல்லிய புகைப்படலம் தெரிகிறது. அவற்றுள் ஒன்றை அம்மா தம் கட்டிலருகே வைத்துக் கொண்டார்கள். சன்னலோரம் அம்மா அமர்ந்திருக்கும் படம் அது. அருகில் நானும் இருக்கிறேன்.